இணையத்தை வரைந்து காட்டுங்கள்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். முதல் நாள் யாரையும் கணினியைத் தொட விடுவதில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "இன்டர்நெட் எப்படி இருக்கும்? வரைஞ்சு காட்டுங்க" என்பேன்.

மேகம் வரைவார்கள். செல்போன் டவர் வரைவார்கள். பாதிப் பேரின் தாளில் செயற்கைக்கோள் ஒன்று இரண்டு இறக்கைகளோடு பறக்கும். ஒரு சிறுமி தாள் முழுக்கச் சிலந்தி வலை வரைந்து, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு வீடு வைத்திருந்தாள். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. ஆனால் இத்தனை நாளில் ஒருவர்கூடக் கடலை வரைந்ததில்லை.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் இருக்கும் போனுக்குக் கம்பி கிடையாது. அதில் பாட்டு வருகிறது, படம் வருகிறது, துபாயில் இருக்கும் அப்பாவின் முகம் வருகிறது. அப்படியென்றால் எல்லாம் வானத்திலிருந்துதான் இறங்குகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் போனுக்கும் டவருக்கும் இடையிலும், போனுக்கும் வீட்டு வைஃபை பெட்டிக்கும் இடையிலும்தான் காற்றில் பயணம். அதற்குப் பிறகு பெரும்பாலும் கேபிள்தான். மண்ணுக்கடியில், மின்கம்பத்தில், கடைசியில் கடலுக்கடியில். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் இணையம் புரிந்துவிடும். வாருங்கள், நூலகத்திலிருந்தே தொடங்கலாம்.

நெட் இல்லாத நாளில் வந்த பிரிண்ட்

எங்கள் நூலகத்தில் நான்கு கணினிகளும் ஒரு பிரிண்டரும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் ஒரு நீலக் கேபிள் கிளம்பி, மேசைக்கடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். சுவரில் விளக்குப் போடுகிற சுவிட்ச் வேறு, இது வேறு. ஒரு கணினி கொடுக்கும் தகவலை வாங்கி, அது எந்தக் கணினிக்கு உரியதோ அதற்கு மட்டும் அனுப்பிவைப்பது இதன் வேலை.

ஒருநாள் தெருவில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்து நூலகத்துக்கு நெட் வரவில்லை. வகுப்பு போச்சே என்று பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. சரி, படம் வரையலாம் என்று ஆரம்பித்தோம். ஜன்னலோரக் கணினியில் வரைந்த படத்துக்கு ஒருவன் பிரிண்ட் கொடுத்தான். அறையின் மறுகோடியில் இருந்த பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. "அக்கா, நெட் இல்லைன்னீங்க, பிரிண்ட் மட்டும் எப்படி வருது?"

அதைவிட நல்ல கேள்வியை நானே தயாரித்திருக்க முடியாது. நெட்வொர்க் வேறு, இன்டர்நெட் வேறு. இரண்டு கருவிகள் தகவலைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வழி இருந்தால் போதும், அது ஒரு நெட்வொர்க். தமிழில் வலையமைப்பு. நூலகத்தின் நான்கு கணினியும் பிரிண்டரும் சேர்ந்தது ஒரு வலையமைப்பு. உங்கள் வீட்டு போன், டிவி, வைஃபை பெட்டி மூன்றும் சேர்ந்ததும் ஒரு வலையமைப்புதான். பள்ளிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என்று உலகம் முழுக்க இப்படி எண்ணற்ற வலையமைப்புகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்ததுதான் இணையம். தெருவில் கேபிள் அறுந்த அன்று எங்கள் வலையமைப்பு நன்றாகத்தான் இருந்தது. அதை மற்றவற்றோடு சேர்க்கும் இணைப்பு மட்டும் போய்விட்டது.

அப்படி ஒரு வலையமைப்பை இன்னொன்றோடு சேர்க்கும் பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். வீட்டில் நாம் வைஃபை பெட்டி என்று சொல்வதற்குள் ரவுட்டர், சுவிட்ச், வைஃபை ஆன்டெனா எல்லாம் ஒரே டப்பாவில் அடங்கியிருக்கும். வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டியும் வீடியோ ஓடாமல் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போனுக்கும் பெட்டிக்கும் உள்ள சில மீட்டர் தூரம் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அந்த வளைகோடுகள் சொல்கின்றன. பெட்டிக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

பொட்டலம் கட்டும் விளையாட்டு

இணையம் எப்படி வேலை செய்கிறது என்பதில் முக்கால்வாசி இந்த ஒரு விளையாட்டில் இருக்கிறது. வீட்டிலும் விளையாடலாம், ஆறேழு பேர் இருந்தால் போதும்.

ஒரு கோலத்தைத் தாளில் வரைந்து, பன்னிரண்டு துண்டாக வெட்டச் சொல்வேன். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: யாருக்கு, யாரிடமிருந்து, 12இல் இது எத்தனையாவது. கடைசி வரிசையில் இருப்பவள் அனுப்புபவள், முதல் வரிசையில் இருப்பவன் பெறுபவன். நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் ரவுட்டர்கள். துண்டு கைக்கு வந்ததும், யாருக்கு என்று பார்த்து, அந்தப் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு கைக்குக் கடத்திவிட வேண்டும். எல்லாத் துண்டும் ஒரே வழியில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நடப்பதைப் பார்க்க வேண்டும். 7 முதலில் வந்து சேரும். 3 இடப்பக்கச் சுவர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். யாராவது ஒருவன் வேண்டுமென்றே ஒரு துண்டைக் காலுக்கடியில் போட்டு மறைத்துவிடுவான். பெறுபவன் எண் வரிசைப்படி அடுக்கிப் பார்த்துவிட்டு, "9 வரல, 9 வரல" என்று கத்துவான். கடைசி வரிசைக்காரி 9ஐ மறுபடி வரைந்து அனுப்புவாள். கோலம் முழுசாகிவிடும்.

நீங்கள் போனில் ஒரு படத்தை அனுப்பும்போது அச்சு அசலாக இதுதான் நடக்கிறது. 3 எம்பி அளவுள்ள படம் என்றால் சுமார் 30 லட்சம் பைட். ஒரு துண்டு பொதுவாக 1,500 பைட்டுக்கு மேல் போகாது. ஆகவே அந்த ஒரு படம் ஏறத்தாழ 2,000 துண்டுகளாகப் போகிறது. இந்தத் துண்டுக்குக் கணினிக்காரர்கள் பாக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் பொட்டலம்.

படத்தை முழுசாக அனுப்பினால் என்ன, ஏன் வெட்ட வேண்டும்? இதற்குப் பழைய தொலைபேசியைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து சென்னைக்குப் பேசினால், பேசி முடிக்கும்வரை அந்தத் தடம் உங்களுக்கு மட்டும்தான். இருவரும் பேசாமல் சும்மா இருந்தாலும் வேறு யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் பேச்சு அவ்வளவுதான். 1960களில் அமெரிக்காவில் பால் பேரன் என்பவரும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள்: செய்தியைச் சிறு துண்டுகளாக்கு, ஒவ்வொன்றிலும் முகவரி எழுது, கிடைத்த வழியில் போகட்டும். பாக்கெட் என்று பெயர் வைத்தவர் டேவிஸ். இப்படிச் செய்தால் ஒரே கேபிளில் என்னுடைய துண்டும் உங்களுடைய துண்டும் மாறி மாறிப் போகலாம். நான் அனுப்பும் பெரிய வீடியோ முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வழி அடைந்தால் இன்னொரு வழி.

காணாமல் போனதைக் கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அந்த ஏற்பாட்டுக்கு டிசிபி என்று பெயர். படம், கடிதம், வங்கிக் கணக்கு போன்றவற்றில் ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது, அங்கே இது அவசியம். வீடியோ காலில் மட்டும் கதை வேறு. அப்பா சொன்ன ஒரு சொல் தொலைந்துவிட்டால், அதை மீண்டும் கேட்டு வாங்குவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். எனவே போனது போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். நடுநடுவே குரல் வெட்டி வெட்டிக் கேட்பது அதனால்தான்.

விளையாட்டில் ஒவ்வொரு முறையும் இன்னொன்றும் நடக்கும். நடுவரிசையில் இருப்பவர்கள் துண்டைத் திருப்பிப் படித்துப் பார்ப்பார்கள்! கோலத்துக்குப் பதில் ஒரு ரகசியக் கடிதம் என்றால்? போகிற வழியில் எல்லோரும் படித்துவிடலாம். அதற்காகத்தான் அனுப்பும் முன்பே எழுத்துகளைக் குழப்பிப் பூட்டிவிடுகிறார்கள். இரு முனையில் இருப்பவர்களிடம் மட்டும் சாவி. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் தளங்களில் இந்தப் பூட்டு இருக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல. ஏமாற்றுக்காரனும் தன் போலித் தளத்தில் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் மட்டுமல்ல, வீட்டில் பெரியவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதவு எண்ணும் கேட்டுக் கேட்டுப் போகும் வழியும்

பொட்டலத்தின் மேல் எழுதும் முகவரி எண்ணாக இருக்கும். ஐபி முகவரி என்பார்கள். 203.0.113.25 என்பது போல நான்கு எண்கள், நடுவில் புள்ளி. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இப்படி மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் எழுத முடியும். இதை முடிவு செய்த காலத்தில் அது கொள்ளாத எண்ணிக்கையாகத் தெரிந்திருக்கும். இப்போது ஒரே வீட்டில் நாலு போன் இருக்கிறது, போதவில்லை. அதனால் மிக நீளமான புதிய முகவரி முறை ஒன்றும் கூடவே புழக்கத்தில் இருக்கிறது.

பழைய முறையை வைத்தே சமாளிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். சென்னையில் பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? வாசலில் கதவு எண் ஒன்றுதான். உள்ளே எட்டுக் குடும்பம் இருக்கும். உங்கள் வீட்டு ரவுட்டரும் அப்படித்தான். வெளியுலகத்துக்கு ஒரே முகவரி, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்ளெண். உங்கள் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அப்படி ஒரு எண் இருக்கும். பக்கத்து வீட்டு போனிலும் அதே எண் இருக்கலாம். குழப்பமே வராது, ஏனென்றால் வாசல் வேறு.

சரி, பொட்டலம் கையில் வந்த ரவுட்டருக்கு உலகத்தின் வழியெல்லாம் தெரியுமா? தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. புது ஊரில் இறங்கி டீக்கடையில் வழி கேட்டால், "நேரா போங்க, பிள்ளையார் கோயில்ல கேளுங்க" என்பார். கோயில் வாசல் பூக்காரம்மா, "வலது பக்கம் திரும்பி பள்ளிக்கூடத்துகிட்ட கேளுங்க" என்பார். யாரும் முழு வழியைச் சொல்லவில்லை, ஆனாலும் வீடு வந்து சேர்ந்துவிடுகிறோம். ரவுட்டர்களும் அப்படித்தான். இந்த மாதிரி எண்களென்றால் இந்தப் பக்கம் என்று ஒரு பட்டியலை மட்டும் வைத்திருக்கின்றன. தங்களுக்குள் பேசி அந்தப் பட்டியலை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்கின்றன.

தப்பித்தவறி ஒரு பொட்டலம் வட்டமடிக்கத் தொடங்கினால்? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண்ணிக்கை எழுதியிருக்கும். ஒரு ரவுட்டரைத் தாண்டும்போது அதில் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் கையில் வைத்திருக்கும் ரவுட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழி தவறிய பொட்டலங்கள் காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தால் கேபிளில் இடம் இருக்காது அல்லவா?

நாம் யாரும் எண்ணைத் தட்டித் தளத்தைத் திறப்பதில்லை, பெயரைத்தான் தட்டுகிறோம். பெயரை எண்ணாக மாற்றித் தருவதற்கு டிஎன்எஸ் என்று ஓர் ஏற்பாடு. போனில் 'அம்மா' என்று தொட்டால் எண்ணைத் தானே எடுத்துக்கொள்கிறதே, அந்த மாதிரி. ஆரம்பத்தில் இது உண்மையிலேயே ஒரே ஒரு பட்டியலாகத்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்லிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். கணினிகள் பெருகப் பெருகத் தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் என்பவர் வேலையைப் பலருக்குப் பிரித்துக்கொடுக்கும் முறையை வகுத்தார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள், அதன் பெயர் ஓஆர்ஜி என்று முடியும். கேட்பவருக்குப் பதில் தரும் கணினிக்கு சர்வர் என்று பெயர். முதலில் தலைமைச் சர்வரிடம் "ஓஆர்ஜி யார் பொறுப்பில்?" என்று கேள்வி போகும். அது கைகாட்டும் சர்வரிடம், இந்தப் பெயருக்கு யார் பொறுப்பு என்று அடுத்த கேள்வி. கடைசியில் எண் வந்து சேரும். ஒருமுறை கேட்டதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு அலைச்சல் இல்லை. பெயரை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் இப்போது இல்லை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் உண்டு.

இரண்டே எழுத்து

இத்தனையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த கணினிக்குள் நுழைய 'லாகின்' என்ற சொல்லைத் தட்டினார். எல் போய்ச் சேர்ந்தது. ஓ போய்ச் சேர்ந்தது. ஜி தட்டியதும் அந்தப் பக்கக் கணினி படுத்துவிட்டது. சரிசெய்து சுமார் ஒரு மணி நேரம் கழித்து முழுச் சொல்லும் போனது. ஆர்பாநெட் என்ற அந்த வலையமைப்பில் அந்த ஆண்டு முடிவில் நான்கே இடங்கள்தான் இணைந்திருந்தன. எங்கள் நூலகத்தில் இருப்பதும் நான்கு கணினிதான் என்பதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லாமல் விடுவதே இல்லை.

பிறகு வேறு வேறு வலையமைப்புகள் முளைத்தன, ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியவில்லை. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு பேச்சுமுறையை எழுதி வெளியிட்டார்கள். நாம் மேலே பார்த்த டிசிபியும் ஐபியும் அதிலிருந்து வளர்ந்தவைதான். 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. இணையத்தின் பிறந்தநாள் எது என்று கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன். வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேச ஒப்புக்கொண்டதுதான் இணையம் என்றால், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள்தானே பிறந்தநாள்?

இணையமும் வெப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பக்கங்களைச் சொடுக்கிச் சொடுக்கிப் படிக்கும் வெப் என்ற முறையை டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தில் 1989இல் முன்வைத்தார். இணையம் சாலை என்றால் வெப் அதில் ஓடும் பஸ். மின்னஞ்சல், வீடியோ கால், விளையாட்டு எல்லாம் அதே சாலையில் போகும் வேறு வண்டிகள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இந்தச் சாலை திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

கடலுக்கடியில்

இனி யாரும் வரையாத கடலுக்கு வருவோம்.

சென்னைக் கடற்கரையில் காற்று வாங்கியிருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போகும் பொட்டலங்களில் பல, அந்த மணலுக்கடியில் வந்து கரையேறும் கேபிள்கள் வழியாகத்தான் போகின்றன. 2002இல் போட்ட ஒரு கேபிள் இங்கிருந்து சிங்கப்பூர் வரை சுமார் 3,200 கிலோமீட்டர் போகிறது. இன்னொன்று பிரான்ஸ் வரை நீளும் தொடரின் ஒரு கண்ணி. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி இப்படிக் கடலடிக் கேபிளில்தான் போகிறது.

கேபிள் எவ்வளவு பருமன் இருக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் இரண்டு கையையும் விரிப்பார்கள். ஆழ்கடலில் அது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுதான். அதற்குள்ளும் பெரும்பகுதி இரும்புக் கம்பியும் செம்பும் பிளாஸ்டிக்கும். நடுவில் தலைமுடி மாதிரியான கண்ணாடி இழைகள் சில. அந்த இழைக்குள் ஒளி மினுக் மினுக்கென்று ஓடுகிறது. உங்கள் படம், அப்பாவின் குரல், வங்கிப் பணம் எல்லாம் அந்த மினுக்குகள்தான். ஒளி போகப் போக மங்கும். அதனால் பல பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதைத் தூக்கிவிடும் கருவி கேபிளிலேயே பொருத்தியிருக்கிறது. கடலுக்கடியில் அதற்குக் கரன்ட் எங்கிருந்து? கரையிலிருந்து, அதே கேபிளில் இருக்கும் செம்பு வழியாக.

அந்தமானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்களில் சிலருக்குச் சொந்தக்காரர்களும் இருக்கலாம். 2020 வரை அந்தத் தீவுகளுக்கு இந்தியப் பெருநிலத்திலிருந்து கடலடிக் கேபிள் இல்லை, செயற்கைக்கோள்தான். அதாவது பிள்ளைகள் வரைந்த படம் அங்கே உண்மையாகவே இருந்தது. அந்த வகைச் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. போர்ட் பிளேரில் ஒருவர் தளத்தைத் தட்டினால் கேள்வி மேலே 36,000, கீழே 36,000. பதிலுக்கும் அதே. மொத்தம் 1,44,000 கிலோமீட்டர். ஒளி வேகமான நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரில் போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். பேசும்போது அரை நொடி என்பது பெரிய இடைவெளி, இருவரும் ஒரே சமயத்தில் பேசி இருவரும் நிறுத்துவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், செயற்கைக்கோள் ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய அளவு மிகக் குறைவு. ஊரே சேர்ந்து பயன்படுத்தினால் ஆளுக்குத் துளித்துளிதான்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் திறந்துவைக்கப்பட்டது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரோடு, கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட வேறு தீவுகளையும் அது தொடுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் நேர்கோட்டில் சுமார் 1,400 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி கொஞ்சம் மெதுவாக, நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அப்படியும் போய்வர 14 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியின் ஆயிரம் பங்கில் 14 பங்குதான். கேபிள் வளைந்து போகிறது, நடுவில் ரவுட்டர்கள் இருக்கின்றன என்று இரண்டு மடங்காக வைத்துக்கொண்டாலும், அரை நொடி எங்கே, இது எங்கே? வேகமான ஒளி, மெதுவான ஒளி என்பதைவிடத் தூரம்தான் இங்கே கணக்கு. கேபிள் கிட்டத்தில் இருக்கிறது, செயற்கைக்கோள் தொலைவில் இருக்கிறது. இதனால்தான் இப்போது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் சிறிய செயற்கைக்கோள்களை ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறார்கள். மலை, காடு, நடுக்கடல் போன்ற இடங்களுக்கு அவை நல்ல உதவி.

கேபிள் அறுகாதா? அறும். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 முறை பழுதாகிறது. சுறாமீன் கடிக்கும் என்று கதை சொல்வார்கள், பெரும்பாலும் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் சேதமானபோது இந்தியா முழுக்க இணையம் திணறியது. ஆனால் நிற்கவில்லை. ஐரோப்பா பக்கம் போக வேண்டிய பொட்டலங்களில் பலவற்றைச் சிங்கப்பூர், பசிபிக் என்று கிழக்கே திருப்பிவிட்டார்கள். விளையாட்டில் 3ஆம் துண்டு சுவரோரமாகச் சுற்றி வந்ததே, அதே கதை. 2022 ஜனவரி 15இல் பசிபிக் தீவு நாடான டோங்காவில் எரிமலை வெடித்து, அந்நாட்டை உலகத்தோடு சேர்த்த கேபிள் அறுந்தது. அங்கே இருந்ததே அந்த ஒன்றுதான். சரிசெய்ய ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. அதுவரை செயற்கைக்கோள் வழியாகக் கிடைத்த கொஞ்ச நஞ்சம்தான். அறுந்த கேபிளைச் சரிசெய்யக் கப்பல் போய், கொக்கியால் கடலடியைத் துழாவித் தூக்கி, கண்ணாடி இழையைக் கப்பலில் வைத்தே ஒட்டி, மறுபடி இறக்க வேண்டும்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

இதுவரை நான் சொன்னதை நம்ப வேண்டியதில்லை, கணினியிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்று எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஏதாவது தளத்தின் பெயரைக் கொடுங்கள். பொட்டலம் கடக்கும் ரவுட்டர்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும். முதல் வரி உங்கள் வீட்டுப் பெட்டி. சில வரிகளில் நட்சத்திரக் குறி மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தருவதில்லை, அவ்வளவுதான், கடத்திவிடும் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பொட்டலத்தில் ஒன்று ஒன்றாகக் குறையும் எண்ணிக்கை பற்றிச் சொன்னேன் இல்லையா? அதை முதலில் 1 என்றும், பிறகு 2 என்றும், 3 என்றும் வைத்து அனுப்பித்தான் இந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள்.

அடுத்தது பிங். பி, ஐ, என், ஜி. இது ஒரு பொட்டலம் போய்த் திரும்பிவர எத்தனை மில்லி நொடி ஆனது என்று காட்டும். கண்ணாடியில் ஒளி ஒரு மில்லி நொடிக்கு 200 கிலோமீட்டர் போகும். போய்வர என்பதால் பாதியாக்குங்கள்: ஒரு மில்லி நொடிக்கு 100 கிலோமீட்டர். பதில் 30 மில்லி நொடியில் வந்தால், அந்தச் சர்வர் 3,000 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதைவிடக் கிட்டத்தில் இருக்கலாம், தொலைவில் இருக்க முடியாது. ஒளியை மிஞ்ச யாராலும் முடியாதே!

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த அன்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் தளத்துக்கு பிங் கொடுத்தான். 6 மில்லி நொடி. நோட்டில் கணக்குப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். "அக்கா, அமெரிக்கா 600 கிலோமீட்டருக்குள்ள வருது!"

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவன் கணக்கில் தப்பே இல்லை. பலரும் பார்க்கும் தளங்களின் நகலைச் சென்னை, மும்பை போன்ற ஊர்களில் உள்ள சர்வர்களில் வைத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்காகவும் கடல் தாண்டிப் போய் வராமல் பக்கத்திலிருந்தே கொடுத்துவிடலாம் என்பதற்காக. அவனுக்குப் பதில் சொன்னது அந்த நகல். "அப்ப நிஜமாவே அங்க இருக்கிற சர்வரைக் கண்டுபிடிக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டான். பெயர் பெயராகத் தட்டிப் பார்த்தான். 11 வந்தது, 8 வந்தது, 35 வந்தது. நூலகம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்பு ஒன்றில் 243 வந்தது. நான்கு முறை பிங் கொடுத்தும் அதே அளவு. நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.